நேற்று வீரன், இன்று பெட்ரோல் பங்க்காரர்

1957-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் ஸ்வீடனில் வெளியான 'தி செவன்த் சீல்' படத்தில், சிலுவைப் போரிலிருந்து ஊர் திரும்பும் வழியில் மரணத்தோடு சதுரங்கம் ஆடும் வீரனாக ஒரு நெடிய இளைஞர் தோன்றினார். மார்ச்சில் அதே இளைஞர், தெற்கு ஸ்வீடனின் மால்மோ நகர நாடக அரங்கில் இப்சனின் 'பீர் கிந்த்' நாடகத்தில் பீர் கிந்தாகவே மேடையேறினார். டிசம்பர் தொடக்கத்தில் அதே அரங்கில் மொலியேரின் 'மிசாந்த்ரோப்' நாடகத்தின் நாயகன் அல்செஸ்ட் ஆனார். அந்த மாதக் கடைசியில் 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' படம் வந்தது. அதில் அவருக்குக் கிடைத்தது சில நிமிடங்களே வந்துபோகும் ஒரு வேடம். வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றிவிட்டு, முன்பு தங்கள் ஊருக்கு வைத்தியம் பார்த்த முதிய டாக்டரிடம் காசு வாங்க மறுக்கும் பங்க் முதலாளி. அந்த நடிகரின் பெயர் மாக்ஸ் வான் சிடோ. அப்போது அவருக்கு வயது 28. பின்னாளில் 'எக்ஸார்சிஸ்ட்' படத்தின் முதிய பாதிரியாராகவும், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் மூன்று கண் காகமாகவும் நம் வீட்டுத் திரை வரைக்கும் வந்து சேர்ந்தவர் இவர்தான்.

இவர் வளர்ந்த விதத்தை வழக்கமாக ஒரு கண்டெடுப்புக் கதையாகச் சொல்வார்கள். இங்மார் பெர்க்மன் என்ற மேதை இயக்குநர் ஒரு முகத்தைக் கண்டார், கேமரா முன் நிறுத்தினார், உலகம் அசந்துபோனது, ஹாலிவுட் கூப்பிட்டது என்று அந்தக் கதை போகும். இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால், மரணத்தோடு சதுரங்கம் ஆடிப் பேர் வாங்கிய நடிகர் அதே ஆண்டில் எதற்காகப் பெட்ரோல் பங்கில் நிற்க ஒப்புக்கொண்டார் என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. பதில் அவர் வேலை பார்த்த நாடகக் குழுக்களில் இருக்கிறது. ஊர்ப் பணத்தில் நடந்த அந்தக் குழுக்கள் அவருக்குக் குரலையும் நடையையும் பயிற்றுவித்தன என்பது உண்மை. அதைவிட முக்கியமாக, குழுவில் ஒருவராக இருக்கும் பழக்கத்தை ஊட்டின. வேடத்தின் நீளத்தைக் கணக்குப் பார்க்காமல், கொடுத்ததை முழுதாகச் செய்துவிட்டு அடுத்ததற்குப் போகும் பழக்கம் அது. எழுபது ஆண்டுகளை நெருங்கிய அவருடைய திரை வாழ்க்கையைத் தாங்கியது இந்தப் பழக்கம்தான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

வான் சிடோ 1929-இல் லுண்ட் என்ற பல்கலைக்கழக ஊரில் பிறந்தார். அப்பா அங்கே நாட்டுப்புறக் கதைகளை ஆராய்ந்த பேராசிரியர். வீட்டில் நாடகத் தொடர்பு கிடையாது. லுண்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் மால்மோவில் 1944-இல் புதிய நகர அரங்கு திறக்கப்பட்டது. ஷேக்ஸ்பியரின் 'நடுவேனிற் கனவு' நாடகத்தை அங்கே பார்த்த பள்ளி மாணவர்களில் இவரும் ஒருவர். அந்த ஆசையில் நண்பர்களோடு சேர்ந்து பள்ளியிலேயே ஒரு நாடகக் குழு தொடங்கினார். ராணுவச் சேவை முடிந்ததும் 1948-இல் ஸ்டாக்ஹோமில் அரச நாடக அரங்கின் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். 1951-இல் வெளியே வந்தவர் தலைநகரில் வாய்ப்புத் தேடி அலையவில்லை. நார்ஷோப்பிங்-லின்ஷோப்பிங் நகர அரங்கில் இரண்டு ஆண்டுகள், ஹெல்சிங்போரி நகர அரங்கில் இரண்டு ஆண்டுகள், பிறகு 1955-இல் மால்மோ. சிறுவனாகப் பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்திருந்த அதே அரங்குக்குப் பதினோரு ஆண்டுகளில் நடிகராகப் போய்ச் சேர்ந்தார். பார்வையாளரை உண்டாக்கியதும் அந்த நடிகருக்கு வேலை கொடுத்ததும் ஒரே நிறுவனம் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நகர அரங்கு என்பது வாடகைக்கு விடும் மண்டபம் அல்ல. நகராட்சியின் ஆதரவில் நடக்கும் நிரந்தரக் குழு. நடிகர்களுக்கு நாடகப் பருவம் முழுக்கச் சம்பளம் உண்டு. ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்கு ஒத்திகை நடக்கும். இந்த நாடகத்தில் நாயகனாக நிற்பவர் அடுத்ததில் கூட்டத்தோடு நிற்கலாம், அதைத் தாழ்வாக யாரும் நினைப்பதில்லை. மால்மோவில் இதற்கு மேல் ஒரு வசதி இருந்தது. பெரிய அரங்கில் ஏறத்தாழ 1,700 பேர் உட்காரலாம். ஸ்வீடன் நாட்டுக்கே அது பெரிய மேடை. அதே கட்டடத்தில் சுமார் இருநூறு பேர் மட்டும் உட்காரும் சின்ன அரங்கும் இருந்தது. முன்னதில் கடைசி வரிசை வரை குரலும் உடலும் எட்ட வேண்டும், பின்னதில் கண்ணிமை அசைந்தாலும் தெரிந்துவிடும். இந்த இரண்டு அளவுகளுக்கும் ஒரே குழுதான் ஈடு கொடுக்க வேண்டியிருந்தது. 1952 முதல் 1958 வரை அந்தக் குழுவின் முதன்மை இயக்குநர்களில் ஒருவராக இருந்தவர் பெர்க்மன். குளிர்காலத்தில் நாடகம், அரங்கு மூடியிருக்கும் கோடையில் படப்பிடிப்பு என்பது அவருடைய ஆண்டுக் கணக்கு. பிபி ஆண்டர்சன், இங்ரிட் துலின், குன்னல் லிண்ட்ப்ளோம் என்று அவருடைய படங்களில் திரும்பத் திரும்ப நாம் பார்க்கும் முகங்களில் பலவும் மால்மோ மேடையின் முகங்கள்தான்.

'செவன்த் சீல்' பிறந்த விதமே இதற்குச் சான்று. மால்மோவில் நடிப்பு மாணவர்களுக்கான பயிற்சிக்கென்று பெர்க்மன் ஒரு சிறு ஓரங்க நாடகம் எழுதினார். அது பிறகு மேடையேறியது. ஸ்டாக்ஹோமில் அதே நாடகத்தை இயக்கிய பெங்ட் ஏக்கரோத்துதான் படத்தில் வெள்ளை முகத்தோடு வரும் மரணம். படமாக்கும் யோசனையைத் தயாரிப்பு நிறுவனம் முதலில் ஒதுக்கியது. 1956-இல் பெர்க்மனின் இன்னொரு படம் கான் விழாவில் பாராட்டுப் பெற்ற பிறகே, செலவைச் சுருக்க வேண்டும், நாளைக் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தது. 35 நாளில் படப்பிடிப்பு முடிந்தது. ஒருவரையொருவர் நன்றாக அறிந்த குழு இல்லாமல் இந்த வேகம் வராது. படத்தின் கடைசியில் குன்றின் மேல் கைகோத்து நடனமாடிப் போகும் நிழலுருவங்களை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அன்றைய வேலை முடிந்து நடிகர்கள் பலர் கிளம்பிப்போன நேரத்தில் வானத்தில் அபூர்வமான மேகம் ஒன்று கூடியது. பெர்க்மன் பக்கத்தில் நின்ற தொழில்நுட்ப உதவியாளர்களுக்கும் சுற்றிப் பார்க்க வந்திருந்தவர்களுக்கும் உடையை மாட்டிவிட்டு அவசரமாக அதைப் படமாக்கினார். உலக சினிமாவின் மிகப் புகழ்பெற்ற காட்சிகளில் ஒன்றில், யார் யாருடைய இடத்தில் நிற்கிறார்கள் என்பது ஒரு பொருட்டாகவே இல்லை.

படம் கான் விழாவில் நடுவர் சிறப்புப் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அமெரிக்காவில் வெளிநாட்டுப் படங்களுக்கென்றே அப்போது பெருகிவந்த சிறு திரையரங்குகள் அதை எடுத்துக்கொண்டன. 'விர்ஜின் ஸ்பிரிங்' படமும் 'த்ரூ எ கிளாஸ் டார்க்லி' படமும் அடுத்தடுத்த ஆண்டுகளில் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரை வென்றன. இரண்டிலும் வான் சிடோ இருந்தார். ஹாலிவுட்டுக்கு அவர் உடனே மூட்டை கட்டவில்லை. 1960-இல் ஸ்டாக்ஹோம் அரச நாடக அரங்குக்கு மாறி மேடையைத் தொடர்ந்தார். கடைசியில் அவரை இழுத்தது ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் எடுத்த 'தி கிரேட்டஸ்ட் ஸ்டோரி எவர் டோல்ட்' படத்தின் இயேசு வேடம். அமெரிக்க ரசிகர்களுக்குப் பழகாத முகம் வேண்டும் என்று ஸ்டீவன்ஸ் நினைத்தார். படம் 1965-இல் வெளிவந்தபோது வான் சிடோவுக்கு 36 நிறைய இரண்டு மாதம் பாக்கி. அதே ஸ்டாக்ஹோம் பள்ளியில் படித்த கிரேட்டா கார்போ 19 வயதில் எம்ஜிஎம் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் அமெரிக்கா போனார், ஈடில்லாத நட்சத்திரம் ஆனார், தன் கடைசிப் படத்தை 36 வயதில் முடித்துக்கொண்டார். கார்போவின் திரை வாழ்க்கை முடிந்த வயதில் வான் சிடோவின் ஹாலிவுட் கணக்கு தொடங்குகிறது. ஸ்டுடியோ உருவாக்கும் நட்சத்திரம் ஒரு முகத்தின் மேல் நிற்கிறது, அந்த முகத்துக்கு வயதாகக் கூடாது. நாடகக் குழு உருவாக்கும் நடிகருக்கோ வயது ஏற ஏற வேறு வேடங்கள் வந்துகொண்டே இருக்கும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மேடைப் பழக்கம் கேமராவுக்கு எதிரி என்பார்கள். கடைசி வரிசைக்கு எட்டும்படி பழகிய குரலும் கையும் அண்மைக் காட்சியில் மிகையாகத்தான் தெரியும், நல்ல மேடை நடிகர்கள் பலர் திரையில் சறுக்கியது இதனால்தான் என்று வாதிடுவார்கள். அப்படிச் சறுக்கியவர்கள் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் இரண்டு அளவு அரங்குகளில் தேர்ந்தவருக்கு எங்கே எவ்வளவு என்ற கணக்கும் கைவந்திருக்கும். 'விர்ஜின் ஸ்பிரிங்' படத்தில், மகளைக் கெடுத்துக் கொன்றவர்கள் தன் வீட்டிலேயே தூங்குகிறார்கள் என்று அறிந்த தகப்பன் விடியற்காலையில் வெளியே வருகிறான். வெட்டவெளியில் தனியாக ஓர் இளம் பிர்ச் மரம் நிற்கிறது. அதைப் பிடித்து உலுக்குகிறான், மேல் சாய்ந்து தன் எடை முழுவதையும் போட்டுத் தள்ளுகிறான். மரம் வளைகிறது, நிமிர்கிறது, கடைசியில் அவனையும் இழுத்துக்கொண்டு தரையில் சாய்கிறது. கேமரா தொலைவில் நிற்கிறது. முகம் தெரியவில்லை, வசனம் ஒரு சொல்லும் இல்லை. ஒரு தகப்பனின் துக்கம் கொலைவெறியாக மாறுவதை முதுகும் தோளும் சொல்லிவிடுகின்றன. இது பெரிய மேடையின் பாடம். 'வின்டர் லைட்' படத்தில் அணுகுண்டை நினைத்து அஞ்சி ஒடுங்கிய மீனவராக, ஏறக்குறைய பேசாமலே, கண்ணைக்கூட நிமிர்த்தாமல் உட்கார்ந்திருப்பார். இது சின்ன அரங்கின் பாடம்.

'எக்ஸார்சிஸ்ட்' இந்த இரண்டு பாடங்களும் சேர்ந்த இடம். 1973-இல் அந்தப் படம் வந்தபோது அவருக்கு 44 வயது. திரையில் பார்ப்பவர்களுக்கு எழுபதைத் தாண்டிய மனிதராகத் தெரிந்தார். டிக் ஸ்மித் என்ற ஒப்பனைக் கலைஞர் மணிக்கணக்கில் உழைத்து முகத்தில் சுருக்கங்களை ஏற்றினார். ஆனால் சுருக்கம் மட்டும் கிழவனை உண்டாக்காது. மாத்திரை டப்பாவைத் திறக்கும்போது நடுங்கும் கை, ஈராக்கின் வெயிலில் மேடேறும்போது இரைக்கும் மூச்சு, படிக்கட்டில் காலை வைப்பதற்கு முன் வரும் சின்னத் தயக்கம் இவையெல்லாம் ஒப்பனைப் பெட்டியில் கிடைப்பவை அல்ல. அந்தப் படத்தில் அவர் தொடக்கத்திலும் முடிவிலும்தான் வருகிறார், நடுவே நெடுநேரம் ஆளையே காணோம். ஆனாலும் போஸ்டரில் நிற்பது அவர் உருவம்தான். தெருவிளக்கின் கீழே தொப்பியும் கைப்பெட்டியுமாக ஒரு கருநிழல், அவ்வளவே. ஒரு நட்சத்திரத்தின் முகத்தைக் காட்டாமல், நிற்கும் விதத்தை மட்டும் வைத்து விற்கப்பட்ட பெரிய ஹாலிவுட் படங்கள் குறைவு.

பெர்க்மன் இல்லாவிட்டால் இதில் எதுவும் நடந்திருக்குமா என்பது இரண்டாவது மறுப்பு. அதே நகர அரங்குகளில் நூற்றுக்கணக்கான நடிகர்கள் காலம் தள்ளினார்கள், அவர்களுடைய பெயர் ஸ்வீடனுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. நாடகக் குழுதான் காரணம் என்றால் அவர்கள் ஏன் உலகப் புகழ் பெறவில்லை? பெர்க்மனின் பங்கைக் குறைத்துச் சொல்வது அபத்தம். அதிர்ஷ்டத்தின் பங்கும் பெரிதுதான். ஆனால் பெர்க்மனும் அதே முறையின் விளைச்சல். ஹெல்சிங்போரி நகர அரங்குக்கு அவர் தலைவரானபோது வயது 26. ஊர்ப் பணத்தில் தவறு செய்யவும் திருத்திக்கொள்ளவும் அவருக்கு இடம் கிடைத்தது. அவருடைய படங்களைச் சிக்கனமாக எடுக்க முடிந்ததும் கையில் ஒரு தயார்க் குழு இருந்ததால்தான். மேலும், பெர்க்மன் மட்டும் போதுமென்றால் குன்னார் பியோர்ன்ஸ்ட்ராண்டும் உலக நட்சத்திரம் ஆகியிருக்க வேண்டும். வீரனின் பக்கத்தில் நக்கலும் நிதானமுமாக வரும் உதவியாளராக 'செவன்த் சீல்' படத்தைப் பாதி தாங்கியவர் அவர். பெர்க்மனோடு அதிகப் படங்கள் செய்தவர்களில் ஒருவர். அவருடைய பேர் பெரும்பாலும் ஸ்வீடனோடு நின்றுவிட்டது. வான் சிடோவுக்கு அந்நிய மொழிகளில் நடிக்கும் துணிச்சல் இருந்தது, எந்த ஊர்க் குழுவிலும் போய்க் கலந்துகொள்ளும் சுபாவமும் இருந்தது. அவர் பெர்க்மனோடு செய்தவை 11 படங்கள். மொத்தத்தில் நடித்தவை நூற்றுக்கு மேல். ஒரு முகத்தைக் கண்டெடுத்த கணம் அந்த 11 படங்களை விளக்கலாம், மீதியை அது விளக்காது.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. ஹாலிவுட் அவரை வீணடித்தது என்பது அது. இயேசுவாக நடித்த பிறகு பாதிரி வேடங்கள் தேடி வந்தன. பிறகு கூலிக் கொலைகாரன், ஜெர்மானிய ராணுவ அதிகாரி, 'ஃபிளாஷ் கார்டன்' படத்தின் கொடுங்கோலன் மிங், ஜேம்ஸ் பாண்டின் எதிரி புளோஃபெல்ட் என்று பட்டியல் நீள்கிறது. அந்நிய உச்சரிப்பும் ஆறடி தாண்டிய உயரமும் இருந்தால் வில்லன் வேடம் என்பது அந்த ஊரின் சோம்பேறித்தனம். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், ஆங்கிலத்தில் அவருக்குக் கிடைத்த நாயக வேடங்கள் சில மட்டுமே. ஆனால் அவர் வாழ்க்கையை ஹாலிவுட் ஜன்னல் வழியாக மட்டும் பார்ப்பதால் வரும் குறை இது. அதே ஆண்டுகளில் யான் த்ரோல் இயக்கிய 'தி எமிகிரன்ட்ஸ்' படத்தில், கல்லும் கரடுமான நிலத்தை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறும் ஸ்வீடன் விவசாயியாக நடித்தார். அது சிறந்த படத்துக்கான பொதுப் பிரிவிலேயே ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. 1987-இல் பில்லே ஆகஸ்ட் இயக்கிய 'பெல்லே தி காங்கரர்' படத்தில், அவர் பிறந்த அதே ஸ்கோனே பகுதியிலிருந்து மகனோடு டென்மார்க்குக்குப் பிழைக்க வரும் முதிய கூலியாள். மகனைக் காப்பாற்றுவேன் என்று வாய்கிழியப் பேசிவிட்டுப் பண்ணைக்காரன் முன்னால் குறுகிப்போகும் அந்தக் கோழைத் தகப்பன் அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையைத் தேடித்தந்தான். 1996-இல் நார்வே எழுத்தாளர் ஹாம்சுன் பற்றிய படத்தில் அவர் ஸ்வீடிஷில் பேசினார், மனைவியாக நடித்த கீட்டா நோர்பி டேனிஷில் பேசினார். மேடையின் மரபுகளை நம்பியவர்களுக்கே இப்படி ஒரு துணிச்சல் வரும். ஹாலிவுட் வேடங்கள் உலகுக்கு அவர் முகத்தைக் காட்டின, அவருடைய ஆழத்தைக் காட்டியவை வட ஐரோப்பியப் படங்கள். ஒன்றின் சம்பளமும் புகழும் மற்றதற்கு இடம் கொடுத்தன. நடுநடுவே மேடையும் விடவில்லை. 1972-இல் ஸ்டாக்ஹோமில் பெர்க்மன் இயக்கிய இப்சனின் 'காட்டு வாத்து', 1977-இல் நியூயார்க் பிராட்வே, 1988-இல் லண்டன் ஓல்டு விக் அரங்கில் ஷேக்ஸ்பியரின் பிராஸ்பரோ என்று அது தொடர்ந்தது.

இது ஒரு மனிதருக்கு மட்டும் பொருந்தும் கதையோ என்று சந்தேகிப்பவர்கள் வேறு சிலரையும் பார்க்கலாம். பிரிட்டனின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் தேறிய ஆலன் ரிக்மன், அதன் நாடகம் ஒன்றோடு 1987-இல் பிராட்வே போய், அடுத்த ஆண்டே 'டை ஹார்ட்' படத்தின் வில்லனாக உலகுக்கு அறிமுகமானார். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. வியன்னாவின் கிறிஸ்டோஃப் வால்ட்ஸ் மேடையிலும் ஜெர்மன் தொலைக்காட்சியிலும் முப்பது ஆண்டுகள் உழைத்த பிறகு 2009-இல் 'இங்லோரியஸ் பாஸ்டர்ட்ஸ்' வந்தது. பத்திரிகைகள் இவர்களைத் திடீர்க் கண்டெடுப்பு என்று கொண்டாடின. அவரவர் ஊரில் அவர்கள் ஏற்கெனவே தேர்ந்த தொழிலாளிகள். இப்படி நடுவயதில் ஒரு நடிகர் 'திடீரென்று' தோன்ற வேண்டுமானால், அதுவரை அவருக்குச் சோறு போட்டு, தொழிலையும் விடாமல் காப்பாற்றிய ஏதோ ஓர் ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் அந்த ஏற்பாட்டில் பெரும்பங்கு மானியம் பெறும் நாடக அரங்குகளுடையது. மானியம் மேதைகளை உண்டாக்காது, இது சரிதான். மேதை தோன்றும்வரை தொழில் உயிரோடு இருக்க அது வழி செய்கிறது.

வான் சிடோவின் பிற்காலம் இந்த வாதத்துக்குக் கடைசிச் சான்று. 2011-இல் வந்த 'எக்ஸ்ட்ரீம்லி லவுட் அண்ட் இன்கிரெடிப்ளி க்ளோஸ்' படத்தில், போரின் அதிர்ச்சியில் பேச்சை நிறுத்திக்கொண்ட கிழவராக நடித்தார். ஒரு உள்ளங்கையில் 'ஆம்', மறு உள்ளங்கையில் 'இல்லை' என்று எழுதிவைத்துக்கொண்டு, கையை விரித்துக் காட்டியே பதில் சொல்லும் பாத்திரம். 1,700 பேர் அரங்கை நிரப்பிய குரலுக்கு அங்கே வேலையே இல்லை. துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை 82 வயதில் அதற்குக் கிடைத்தது. பரிசை வென்றவரும் 82 வயது மேடைக்காரர்தான், கிறிஸ்டோபர் பிளம்மர். 2015-இல் புதிய 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தொடக்கத்தில் வான் சிடோ சில நிமிடம் வந்துபோனார். மறு ஆண்டு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் நடித்து எம்மி பரிந்துரை பெற்றார். 2020 மார்ச்சில் பிரான்ஸில் காலமானார். சாதாரணமாக ஒரு நட்சத்திரத்துக்குச் சின்ன வேடம் என்றால் சரிவு என்று பொருள். வான் சிடோ தொடக்கத்திலிருந்தே பெரிய வேடத்தையும் சின்ன வேடத்தையும் மாற்றி மாற்றிச் செய்தவர் என்பதால் அவருக்கு அப்படி ஒரு சரிவு நேரவே இல்லை. நடிகரின் திறமையை அளப்பவர்கள் இதுவரை அவர் எத்தனை படங்களுக்குத் தலைவராக இருந்தார் என்று எண்ணிவந்தார்கள். இவரைப் போன்றவர்களுக்கு அந்த அளவுகோல் பயன்படாது. எந்தெந்தக் குழுவில் எப்படிப் பொருந்தினார், அந்தக் குழுக்களை யார் பணம் போட்டு நடத்தினார்கள் என்று கேட்பதுதான் இவரைப் புரிந்துகொள்ளும் வழி.